ஒட்டுப்பட அட்டையும் தன்மைக் கூற்றும்: வங்காள, தமிழ் மரபுகளை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

பழைய இதழ்களிலிருந்து படங்களைக் கத்தரித்து, ஓர் அட்டையில் இயைபுற ஒட்டி, அவ்வட்டையின் வாயிலாகத் தன்னை அறிய முயலும் பயிற்சி இன்று பல மொழிச் சூழல்களுக்குப் பரவியுள்ளது. இதற்கு ஒழுங்கான வடிவம் தந்தவர் அமெரிக்க உளச்சிகிச்சையாளரான ஸீனா ஃபிராஸ்ட். 1980களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் உருவான இம்முறையை ‘சோல்கொலாஜ்’ என்னும் பெயரில் அவர் 2001இல் நூலாக வெளியிட்டார். ஐந்தங்குல அகலமும் எட்டங்குல நீளமும் உடைய இவ்வட்டைகளை அவர் நான்கு பிரிவாக வகுக்கிறார். ஒருவருடைய மனத்தின் பல கூறுகள், அவர் வாழ்வில் இடம்பெற்ற மாந்தர், துணையாக நிற்கும் விலங்குகள், எல்லோர்க்கும் பொதுவான தொல்படிமங்கள் என்பன அவை. அட்டைகள் விற்பனைக்கு உரியன அல்ல, செய்தவர்க்கே உரியன.

பயிற்சியின் உயிர்நிலை படத்தை ஒட்டுவதில் இல்லை. ஒட்டி முடித்தபின் நிகழும் பேச்சில் உள்ளது. அட்டையைக் கையிலேந்தியவர் அதிலுள்ள உருவமாகவே நின்று, ‘நான் இன்னது செய்யும் ஒருவர்’ என்னும் வாய்பாட்டில் பேசத் தொடங்குகிறார். அவ்வாய்பாடு கதையாக விரிகிறது. இம்முறையைத் தமிழுக்குக் கொண்டுவர விழைவோர் பெரும்பாலும் தொல்படிமங்களின் பெயர்களுக்கு நிகரன் தேடுவதிலேயே கருத்தைச் செலுத்த நேரும். பெயர்களைக் காட்டிலும் இவ்வொரு தொடரே மொழிபெயர்ப்பாளர் முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

வங்காளத்து முன்னோடிகள்

இம்முயற்சிக்கு வங்காளத்தைத் துணைக்கொள்வதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் ஒப்பிலக்கியம் தனித்துறையாகக் கால்கொண்டது ஜாதவ்பூரில். புத்ததேவ போஸ் 1956இல் ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தில் அத்துறையைத் தோற்றுவித்தார். அதே பல்கலைக்கழகத்தின் பண்பாட்டுப் பனுவல்கள், ஆவணங்களுக்கான பள்ளி, இரவீந்திரநாத தாகூரின் கையெழுத்துப்படிகளையும் பாடவேறுபாடுகளையும் ‘விசித்ரா’ என்னும் பெயரில் தொகுத்து 2013இல் இணையத்தில் வெளியிட்டது. அப்படிகளைக் காண்போர் ஓர் உண்மையை உடனே உணர்வர். தாகூர் அடித்த சொற்களை வெறுமனே விட்டுவிடவில்லை. அடித்தல் கோடுகளை ஒன்றோடொன்று இணைத்துப் பறவையாகவும் விலங்காகவும் முகமாகவும் வளர்த்தார். 1924ஆம் ஆண்டைச் சார்ந்த ‘பூரபி’ கையெழுத்துப்படி இதற்குச் சிறந்த சான்று. விலக்கப்பட்ட சொல்லே உருவமாக மீள்கிறது. 1930இல் பாரிசில் நிகழ்ந்த அவருடைய முதல் ஓவியக் கண்காட்சிக்கு இவ்வழக்கமே தோற்றுவாய் எனலாம்.

ஒட்டுப்படத்திற்கு இன்னும் நெருங்கிய முன்னோடி அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் மகனாகிய அவனீந்திரநாத தாகூர் (1871–1951). ‘குத்துர் ஜாத்ரா’ என்னும் அவருடைய கையெழுத்து நூல் இராமாயணத்தை ஜாத்ரா என்னும் வங்காள நாடக வடிவில் கூறுவது. 1930களில் தொடங்கிய இவ்வாக்கத்தின் பக்கங்களில், செய்தித்தாளிலிருந்தும் விளம்பரங்களிலிருந்தும் கத்தரித்த படங்களைத் தம் கையெழுத்துக்கு அருகே ஒட்டிக்கொண்டே சென்றார். அவர் வாழ்நாளில் அச்சேறாத அந்நூல் 2009இல் கொல்கத்தாவின் பிரதிக்ஷண் பதிப்பகத்தால் உருவநகற் பதிப்பாக வெளிவந்தது. கடைப்பொருள் விளம்பரமும் காப்பிய நிகழ்ச்சியும் ஒரே பக்கத்தில் எதிர்ப்படும்போது இராமகதை பழமையிலிருந்து பெயர்ந்து ஆசிரியரின் காலத்திற்கு வந்துவிடுகிறது. தொல்படிமம் என்பது எங்கோ ஆழத்தில் புதைந்து கிடப்பது அன்று, அன்றாடக் காகிதக் குப்பையிலும் முகங்காட்டுவது என்பதை இந்நூல் மெய்ப்பிக்கிறது.

கையால் செய்த அட்டையும் வங்காளத்திற்குப் புதியதன்று. பாங்குரா மாவட்டத்து விஷ்ணுபூரில் செய்யப்படும் தசாவதாரச் சீட்டுகள் வட்ட வடிவின. துணியைப் பல அடுக்காகப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, அதன்மேல் வண்ணந் தீட்டுவர். அவதாரம் ஒன்றுக்குப் பன்னிரண்டாகப் பத்து அவதாரங்களுக்கு 120 சீட்டுகள். ஒவ்வொரு வகையிலும் அரசன், மந்திரி என இரு சீட்டுகளில் மட்டுமே அவதாரத்தின் உருவம் வரும். ஏனைய பத்திலும் மீன், ஆமை, மழு, அம்பு, வாள் போன்ற அடையாளங்கள் மட்டுமே எண்ணிக்கைப்படி நிற்கும். உரிப்பொருளைக் கூறாமல் கருப்பொருளால் உணர்த்தும் அகப்பாட்டு நெறியோடு இவ்வமைப்பு ஒத்திருத்தல் நோக்கத்தக்கது.

தொல்படிமம் என்னும் கலைச்சொல்

‘தொல்படிமம்’ என்னும் சொல் தமிழ்த் திறனாய்வில் நன்கு வேரூன்றிவிட்டது. எனினும் அதன் இரு உறுப்புகளும் சற்றே வழிதவறச் செய்வன. யுங் கருதிய மூலம் படிமம் அன்று. படிமங்களைத் தோற்றுவிக்கும் உருவற்ற ஆற்றல். கண்ணுக்குப் புலனாவது அம்மூலத்தின் ஒரு வெளிப்பாடே. இவ்விரண்டையும் அவர் வேறுபடுத்தியே பேசினார். தமிழ்ச் சொல்லோ இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. ஆகவே மூலத்தை ‘முதல்வடிவம்’ என்றும் அதன் புலப்பாட்டைத் ‘தொல்படிமம்’ என்றும் பிரித்து வழங்குதல் தகும். அட்டையில் ஒட்டப்படுவது எப்போதும் இரண்டாவதே.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதை யுங்கின் வாழ்விலேயே காணலாம். 1938இல் இந்தியாவில் பயணம் செய்தபோது அவர் கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பால் பத்து நாள் மருத்துவமனையில் இருந்தார். அதன்பின் அந்நகரிலேயே அவர் கண்ட கனவில் தோன்றியது காளியும் அன்று, கங்கையும் அன்று. ஐரோப்பியத் தொல்கதையின் புனிதக் கிண்ணம். தம் நினைவு நூலில் இதனை அவரே விரித்துரைத்துள்ளார். முதல்வடிவம் மாந்தர்க்குப் பொதுவாயினும் படிமம் அவரவர் மரபின் மொழியிலேயே பேசும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அங்ஙனமாயின் அட்டை பேசும் மொழியின் இலக்கணமும் அப்படிமத்தின் ஒரு பகுதியே ஆதல் வேண்டும்.

ஒரு தொடர், நான்கு பெயர்ப்புகள்

வாசற்படியில் விளக்கேந்தி நிற்கும் ஓர் உருவத்தை ஒருவர் ஒட்டியிருப்பதாகக் கொள்வோம். ஆங்கில வாய்பாடு பேசுவோர் ஆணா பெண்ணா என்பதைக் கூறுவதில்லை. வங்காளியில் ‘ஆமி ஷெய், ஜே ஒபெக்கா கொரே’ எனலாம். அம்மொழியின் சுட்டுப்பெயரிலும் வினைமுற்றிலும் பால்வேறுபாடு இல்லை. தமிழில் நான்கு வழிகள் உள்ளன.

முதலாவது, ‘நான் காத்திருப்பவள்’ அல்லது ‘காத்திருப்பவன்’ என்பது. இங்கே படர்க்கை ஈறு பாலைத் தேர்ந்தே தீரவேண்டும் எனக் கட்டாயப்படுத்துகிறது. இதனைத் தவிர்க்கக் ‘காத்திருப்பவர்’ எனின், அது பொதுப்பாலாக நில்லாமல் தன்னைத்தானே உயர்த்திக் கூறும் வழுவாக ஒலிக்கிறது. வங்காளியில் தயக்கமாகவே நிற்கக்கூடியது தமிழில் வாய் திறந்தவுடன் முடிவாகிவிடுகிறது. ஆண் உருவத்தை ஒட்டிய பெண் ‘போரிடுபவள்’ என்பாரா, ‘போரிடுபவன்’ என்பாரா? இதனை இழப்பென்று மட்டும் கருதல் வேண்டா. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகப் பேசியதும், ஆண்பாற் புலவர் தலைவி கூற்றாகப் பாடியதும் நம் மரபு. பால் ஈற்றைத் தேர்வதே சிலர்க்குத் தன்னறிவின் முதற்படியாகலாம். ஆனால் அத்தேர்வு பேசுவோருடையதாக இருத்தல் வேண்டும். பயிற்சி நூலை மொழிபெயர்ப்பவர் அதனை முன்கூட்டியே முடிவு செய்தல் தகாது.

இரண்டாவது, ‘காத்திருப்பது நான்’ என்பது. ஒன்றன்பால் ஈறு வருதலால் பாற்சிக்கல் நீங்குகிறது. ஆயினும் அழுத்தம் இடம்பெயர்ந்துவிடுகிறது. காத்திருப்பது வேறொருவர் அல்லர், நானே என்று பிறரை விலக்கும் பொருள் எழுகிறது. வழக்காடும் தொனி அமைந்த அட்டைகளுக்கு இது பொருந்தும், எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

மூன்றாவது, பழந்தமிழ் வழி. தொழிற்பெயர் படர்க்கைக்கே உரியது என்றும் வினையாலணையும் பெயர் மூவிடத்திற்கும் உரியது என்றும் நன்னூல் வகுக்கிறது. அவ்வாறாயின் ‘காத்திருப்பேன்’ என்பதே ‘காத்திருப்பவராகிய நான்’ எனப் பெயராகி, ‘காத்திருப்பேனை’, ‘காத்திருப்பேனுக்கு’ என வேற்றுமை ஏற்கும். தன்மை ஈறு பால் காட்டாது. தேவாரத்திலும் திருவாசகத்திலும் பாசுரங்களிலும் வரும் அடியேன், நாயேன், ஏழையேன் என்பன இவ்வகையின. நாயேன் என்னும் ஒரு சொல்லில் ஒரு படமும் ஒரு தன்மைக் கூற்றும் பிரிக்க இயலாதபடி ஒட்டப்பட்டுள்ளன. அட்டைப் பயிற்சி ஒரு தொடரால் செய்வதைப் பத்திமொழி ஒரு சொல்லால் செய்து முடித்துள்ளது. இன்றைய உரைநடையில் இவ்வடிவம் எழுவாயாக நிற்கும்போது எதிர்கால வினைமுற்றாகவே கொள்ளப்படும். பணிவுத் தொனியும் உடன்வரும். எனவே எங்கும் ஆளுதல் அரிது.

நான்காவது, ‘காத்திருக்கும் நான்’ என்னும் பெயரெச்சத் தொடர். இதிலும் பால் இல்லை, தன்னுயர்வு இல்லை, அழுத்தப் பிறழ்வும் இல்லை. ஆனால் இது முற்றுப்பெறாத தொடர். பயனிலையை வேண்டி நிற்கிறது. ‘வாசலில் விளக்கேந்திக் காத்திருக்கும் நான்’ என்று நிறுத்தினால் கேட்போர் அடுத்த சொல்லை எதிர்நோக்குவர். சொன்னவரும் ஏதேனும் கூறியே ஆகவேண்டும். குறைபோலத் தோன்றும் இதுவே இப்பயிற்சிக்கு உற்றதுணை. ஆங்கில வாய்பாடு ஓர் இலக்கணையை வரையறுத்து அமைதியுறுகிறது. தமிழ்த் தொடரோ கதையைத் தொடங்கிவிடுகிறது.

அட்டையின் அஃறிணைப் பேச்சு

அட்டையில் காக்கையோ ஆமையோ இருப்பின் அது ‘நான்’ எனல் இலக்கணத்திற்கு ஏற்குமா என்னும் ஐயம் எழலாம். தொல்காப்பியம் தன்மை வினைகளை உயர்திணை வினைகளுள் வைத்துப் பேசுகிறது. நன்னூலோ தன்மையை இருதிணைக்கும் பொதுவான வினைகளுள் எண்ணுகிறது. தொல்காப்பியச் செய்யுளியலும் ஞாயிறு, கடல், மரம், புள், நெஞ்சு முதலியன சொல்வன போலவும் கேட்பன போலவும் கூறப்படுதற்கு இடம் அளிக்கிறது. ஆகவே விலங்கட்டை பேசுவது நமக்கு இறக்குமதி அன்று.

பெயர்பற்றியும் இவ்வாறே. அகத்திணை மாந்தர் இயற்பெயர் சுட்டப்பெறார் என்பது தொல்காப்பிய விதி. தலைவி, தோழி, செவிலி, பாணன் என்போர் தனிமனிதர் அல்லர். எவரும் ஏறி நின்று பேசத்தக்க இடங்கள். ஏ. கே. இராமானுஜன் 1967இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலப்படுத்தியபோது ‘அவள் சொன்னது’ என்னும் போக்கில் தலைப்பிட்டு இவ்விடங்களைக் காத்தார். ‘போர்வீரன்’, ‘பேரன்னை’, ‘ஞானி’ என்னும் அயற்பட்டியலைத் தமிழாக்குவதினும் இக்கூற்று மாந்தரை அட்டைகளுக்கு அடிப்படையாக்குதல் பயன் மிக்கது.

முன்னிலையும் தன்மையும்

தமிழகத் தெருக்களில் பலர் கண்ட கிளிச்சோதிடமும் படஅட்டையையே கருவியாகக் கொண்டது. கூண்டிலிருந்து வெளிவந்த கிளி ஓர் அட்டையை எடுத்துக் கொடுக்கும். அதிலுள்ள தெய்வத்தின் கதையைச் சோதிடர் கேட்போரின் வாழ்வோடு பொருத்திக் கூறுவார். அங்கும் படம் உண்டு, தொல்படிமம் உண்டு, கதையும் உண்டு. ஆனால் கூற்று முன்னிலையில் அமைகிறது; பொருள் கூறும் உரிமை மற்றொருவரிடம் இருக்கிறது. அதே படத்தைத் தன்மையில் பேசினால் விதி கூறல் தன் கதை கூறலாக மாறுகிறது. இரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாடு படத்தில் இல்லை, இடத்தில் உள்ளது. ஆகவே பயிற்சி நடத்துவோர் ‘இவ்வட்டை உங்களைப் பற்றி இன்னது கூறுகிறது’ எனத் தொடங்குவராயின் அவர் அறியாமலே சோதிடரின் இருக்கையில் அமர்ந்துவிடுகிறார்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், ஒட்டுப்பட அட்டைப் பயிற்சியின் மையம் படத்திலோ தொல்படிமப் பெயரிலோ அன்றி, அட்டை பேசும் தன்மைக் கூற்றில் உள்ளது என்பது தெளிவாகும். அக்கூற்றைத் தமிழில் ஆக்குவோர் பால் ஈற்றை முன்முடிவாகத் திணிக்காது, பெயரெச்சத் தொடரைப் பொதுவடிவாகக் கொண்டு, ஏனைய மூன்றையும் தேவைக்கேற்ப ஆளலாம். அடித்த சொல்லிலிருந்து உருவம் வளர்த்த இரவீந்திரரும், விளம்பரத் துணுக்கை இராமகதையில் ஒட்டிய அவனீந்திரரும் கருத்துப் பட்டியல் எதையும் கையிலேந்தித் தொடங்கவில்லை. தம் கைக்கு எட்டியதைக் கொண்டே தொடங்கினர். தமிழ் மொழிபெயர்ப்பாளரின் கைக்கு எட்டும் பொருள், ‘ஏன்’ என்னும் தன்மை ஈறும் முற்றுப்பெறாத பெயரெச்சமும் ஆகும். அவற்றை விட்டு அயல்வாய்பாட்டைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், அட்டை தமிழில் இருக்கும். அது பேசும் பேச்சு தமிழாக இராது.