சிவப்புத் தாளை உருவும் லாவகம்

திருமலைப் பாதையில் ஓடும் காரின் டிக்கிமேல் இருக்கும் ஸ்பாய்லருக்கு அந்த மலையில் வேலையே கிடையாது. வண்டிகளின் வேகத்தை அடக்கத் தேவஸ்தானம் விதித்த கணக்குப்படி ஏறுவதற்குக் குறைந்தது 28 நிமிடம், இறங்குவதற்கு 40 நிமிடம். இறங்கும் வழி 1944-இல் திறந்த பழைய மலைப்பாதை. நீளம் சுமார் 19 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் சராசரி வேகம் மணிக்கு 29 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். 1.2 மீட்டர் நீளம், 15 சென்டிமீட்டர் அகலம் உள்ள பட்டையைக் காற்று நேர்குறுக்காக மோதினாலும் அந்த வேகத்தில் அதன்மேல் விழும் விசை ஒரு கிலோ எடைக்குள்தான். ஒரு சீப்பு வாழைப்பழம் இதைவிடக் கனம்.

காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கேற்ப ஏறும் என்பதால் 100 கிலோமீட்டர் வேகத்தில் அதே பட்டைமேல் எட்டுக் கிலோவுக்குமேல் விழும். அதுவும் டன் கணக்கில் எடையுள்ள குடும்பக் காரை ஒன்றும் செய்துவிடாது. ஸ்பாய்லரின் பிறப்பிடம் பந்தயச் சாலை. 1961-இல் ஃபெராரி அணியின் ரிச்சி கிந்தர் காரின் வாலோரத்தில் ஒரு சின்ன உலோகத் தடுப்பை நிமிர்த்தி வைத்தார், பின்பக்கம் நிலைகொண்டது. 1972-இல் போர்ஷே 911 கரேரா ஆர்.எஸ். வாத்துவால் போன்ற ஸ்பாய்லரோடு வந்தது. ஆடி டிடி கதை இதற்கு நேர்மாறு. உருண்ட பின்புறத்தின் அழகு கெடக் கூடாதென்று ஸ்பாய்லர் இல்லாமலே விற்றார்கள். ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளில் அதிவேகத்தில் அடுத்தடுத்து விபத்துகள் நடந்தபின், விற்ற வண்டிகளைத் திரும்ப வரவழைத்து ஸ்பாய்லர் பொருத்திக் கொடுத்தார்கள். உயிர் காக்க மாட்டியது அது. சித்தூரிலும் திருப்பதியிலும் மாட்டுவது அழகுக்காக. அதை ஒளிக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. அலங்காரத்துக்கென்றே தனிப் பூமாலைக் கட்டும், தனி நகை வரிசையும், தனி நேரமும் ஒதுக்கி வைத்திருக்கும் ஊர் திருப்பதி.

எனக்குப் பிடித்தது ஸ்பாய்லர் அல்ல, அதைப் பொருத்தும் கை. இந்த ஊர்களின் கார் டெக்கர் கடைகளில் முதல் கேள்வியே, "டேப்பா, ஸ்க்ரூவா?" என்பதுதான். சித்தூரில் தெலுங்கில் தொடங்கும் பேரம் தமிழில் முடியும். நடுவில் உருதுவும் எட்டிப் பார்க்கும். "பாய், டேப்பு தாங்குமா?" என்று கேட்டால் நல்ல கைக்காரர் தாங்கும் என்றும் சொல்ல மாட்டார், தாங்காது என்றும் சொல்ல மாட்டார். டிக்கி மூடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "வேக்ஸ் போட்டிருக்கீங்களா சார்?" என்பார். தொழில் தெரிந்தவர் என்பதற்கு அந்த ஒரு கேள்வியே அத்தாட்சி.

டேப்பை வெல்வது காற்றைவிட மெழுகுதான். இதைத் தெரிந்துகொள்ள ஸ்பாய்லர் வரை போக வேண்டாம், டாஷ்போர்டில் நிற்கும் குட்டிப் பாலாஜியைப் பார்த்தாலே போதும். அவரை நிறுத்தியிருப்பதும் இதே இரட்டைப் பக்க டேப்தான். பளபளவென்று பாலிஷ் அடித்த டாஷ்போர்டில் துடைக்காமல் ஒட்டினால், காணிப்பாக்கத்தில் பூஜை போட்டுவிட்டு வருகிற வழியிலேயே வளைவில் சாய்ந்துவிடுவார். பக்தியில் குறையில்லை, சிலிகான் எண்ணெய்மேல் பசை நிற்காது, அவ்வளவே.

ஆகவே துடைக்கும் கலைதான் பாதி வேலை. அவசரக் கடையில் தின்னரைத் துணியில் நனைத்து ஒரு இழுப்பு இழுப்பார்கள். தின்னர் அழுக்கை எடுக்கும். கூடவே ஏபிஎஸ் பிளாஸ்டிக்கின் மேல்தோலையும் மென்மையாக்கிவிடும், டச்சப் செய்த பெயின்ட்டாக இருந்தால் அதையும் உரித்துவிடும். பெட்ரோலோ போகும்போது எண்ணெய்ப் பிசுக்கை விட்டுவிட்டுப் போகும். நிதானமான கை ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து எடுக்கும். ஒரே திசையில் துடைக்கும், ஒவ்வோர் இழுப்புக்கும் துணியின் புதுப்பக்கத்தைத் திருப்பும். வட்டமாகத் துடைத்தால் எடுத்த அழுக்கையே திரும்பப் பூசுகிறோம். துடைத்தபின் விரல் படக் கூடாது. விரல் ரேகையும் எண்ணெய்தான். புறங்கையால் முடியை ஒதுக்கிக்கொள்ளும் அந்தச் சின்ன ஜாக்கிரதையைப் பார்க்கும்போது, சமையற்கட்டில் மடியாக இருக்கும் பாட்டிமார் ஞாபகம் வந்தால் அது என் தவறல்ல.

அடுத்து அளவு. மூடியின் இரண்டு ஓரங்களிலிருந்தும் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அதன்மேல் பென்சில் கோடு. இந்த மாஸ்கிங் டேப்பே காருக்காகப் பிறந்ததுதான். இரண்டு நிறத்தில் காருக்குப் பெயின்ட் அடிக்கிறவர்களின் அவஸ்தையைப் பார்த்து 3எம் நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ 1925-இல் உருவாக்கினார். ஒட்டுகிற டேப்பைவிட ஒட்டாமல் உரிகிற டேப் முதலில் காருக்குள் நுழைந்தது என்பது எனக்கு வேடிக்கையாகப் படும். நடு எங்கே என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அளவுநாடா காட்டும் நடுவும் கண் காணும் நடுவும் எப்போதும் ஒன்றாக இருக்காது. கம்பெனி முத்திரை ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் பார்க்கிறவன் கண் முத்திரையைத்தான் நடுவாக எடுத்துக்கொள்ளும். பழகிய கை நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு, பத்தடி பின்னால் போய்க் குத்துக்காலிட்டு, ஒற்றைக் கண்ணால் பார்க்கும்.

இனி வருவதுதான் நான் ரசித்துத் தீராத இடம். டேப்பின் ஒரு பக்கம் ஸ்பாய்லரின் அடியில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும். மறுபக்கத்தைச் சிவப்புப் பிளாஸ்டிக் தாள் மூடியிருக்கும். தாளை முழுக்க உரித்துவிட்டு ஸ்பாய்லரை வைப்பவன் கற்றுக்குட்டி. பசை பட்ட இடத்தில் பட்டதுதான், ஒரு நூல் நகர்த்த முடியாது. தெரிந்தவர் ஒவ்வொரு பட்டையிலும் இரண்டு அங்குலம் மட்டும் தாளை உரித்து, அந்த நுனியைச் சாய்வாக மடித்து, ஓரத்துக்கு வெளியே நாக்கு நீட்டியதுபோல் விடுவார். ஸ்பாய்லரை மூடிமேல் வைப்பார். இன்னும் ஒட்டவில்லை, வழுக்கும். தள்ளுவார், இழுப்பார், பின்னால் போய்ப் பார்ப்பார், திரும்ப வருவார். பென்சில் கோட்டோடு விளிம்பு பொருந்தியதும் ஒரு கை நடுவை அழுத்திப் பிடிக்கும். மறு கை அந்தச் சிவப்பு நாக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் உருவும். சர்ரென்ற ஓசையோடு தாள் அடியிலிருந்து வெளியே வர வர, பின்னாலேயே பசை உலோகத்தில் அமரும். வேகமாக உருவினால் தாள் கிழிந்து பாதி உள்ளே மாட்டிக்கொள்ளும். மேல்நோக்கி உருவினால் ஸ்பாய்லரே தூக்கிக்கொள்ளும். மூடியோடு மூடியாகப் படுத்த கோணத்தில், ஒரே சீராக இழுக்க வேண்டும். முதலில் நடுவின் இரண்டு பக்கமும், அப்புறம் ஓரங்கள். சில விநாடி வேலை. பின்னாலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் தோன்றும்.

பிறகு அழுத்த வேண்டும். சதுர அங்குலத்துக்குப் பதினைந்து பவுண்டு என்பது தயாரிப்பாளர் கணக்கு. கடையில் அதற்குப் பெயர் உள்ளங்கை. நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திப் போனால் அடியில் சிக்கிய காற்று வெளியேறும். ஓரம் வந்ததும் கூடுதல் நேரம் நிற்பார்கள், ஏனென்றால் டேப் எப்போது விட்டாலும் நுனியிலிருந்துதான் விடும். நேராக இழுத்தால் மல்லுக்கட்டும் அதே பசை, ஓரத்தை உரித்தால் கோடு கோடாகத் தோற்றுப்போகும். ஒட்டி 20 நிமிடத்தில் பாதிப் பலம், முழுப் பலத்துக்கு 72 மணி நேரம். "மூணு நாளைக்குத் தண்ணி அடிக்காதீங்க சார்" என்பதன் பொருள் அதுதான். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வேறு தண்ணியை நினைத்துச் சிரிப்பார்கள்.

திருப்பதி வெயிலைத் தெரிந்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். மே மாதத்தில் நிழலிலேயே 43 டிகிரியைத் தொடும் ஊரில், வெயிலில் நின்ற கறுப்புக் காரின் மூடி கையை வைக்க விடாது. ஏபிஎஸ் பிளாஸ்டிக் சூட்டில் இரும்பைவிட ஆறேழு மடங்கு அதிகமாக நீளும். 1.2 மீட்டர் ஸ்பாய்லர் 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டர் நீளும், அடியிலுள்ள தகடோ அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். நடு அசையாமல் நின்றால் ஒவ்வொரு நுனியும் தகட்டின்மேல் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தாக வேண்டும். தினமும் பகலில் வெளியே, இரவில் உள்ளே. விறைத்த பசையாக இருந்தால் ஒரு கோடையிலேயே விரிசல் விட்டுவிடும்.

விடாமலிருப்பதற்குக் காரணம் அந்த டேப்பின் உடம்பு. 1980-இல் வந்த வி.எச்.பி. வகையில் பசை இரண்டு பக்கத்திலும் மட்டும் பூசப்பட்டதல்ல; நடுவிலுள்ள ஃபோமும் அக்ரிலிக், மேலே ஒட்டுவதும் அக்ரிலிக். ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டிய தடிமன். தன் தடிமனைப்போல் மூன்று மடங்குவரை பக்கவாட்டில் சரிந்துகொடுக்கும், பிடியை விடாது. கெட்டியாகப் பிடிப்பதால் அல்ல, நெகிழ்வதால் நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் சார்ட் ஒட்டுகிற வெள்ளை ஃபோம் டேப்பும் பார்வைக்கு இதே தடிமன்தான். இந்த வெயிலில் சீக்கிரமே பொடிந்து உதிரும். விலையைக் கேட்டு அதையே போடச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஸ்க்ரூ போடுகிறவர்களைக் கண்மூடித்தனமான முரட்டுக் கைகள் என்று எண்ணிவிட வேண்டாம். அங்கே நயம் மறைவில் இருக்கிறது. நல்ல ஸ்பாய்லருக்கு மேலே ஸ்க்ரூத் தலையே தெரியாது. அதன் அடியில் பித்தளை மரை பதித்திருப்பார்கள். மூடியைத் திறந்து உள்பக்கத்திலிருந்து போல்ட்டை மேல்நோக்கி முடுக்க வேண்டும். அதற்கு மூடியில் துளை போட்டாக வேண்டும். புது வண்டியின் தகட்டில் முதல் துளை விழும் வரை உரிமையாளர்கள் கடைக்கு வெளியே டீக்கடையில் நிற்பதுதான் வழக்கம். தகடு முக்கால் மில்லிமீட்டர்கூடத் தேறாது. புள்ளி வைக்க ஓங்கி அடித்தால் ஒடுங்கிவிடும். அதனால் மாஸ்கிங் டேப் ஒட்டி, லேசாகத் தட்டி, முதலில் மெல்லிய பிட்டு, அப்புறம் பெரிய பிட்டு. துளை விழுந்ததும் இரும்புத் துருவலை ஊதித் துடைக்க வேண்டும். விட்டால் முதல் மழையிலேயே ஒவ்வொரு துகளும் துருப்பிடித்து, வெள்ளைப் பெயின்ட்டில் பழுப்புப் புள்ளியாக முளைக்கும். துளையின் வெட்டு விளிம்பு பச்சைக் காயம்; அதற்கு ஒரு தூரிகை நுனியளவு பிரைமர்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது துளைகளின் வடிவம். அக்கறையாகச் செய்தால் நடுத்துளை மட்டும் அளவான வட்டம், ஓரத்துளைகள் நீளவாக்கில் கொஞ்சம் நீண்டவை. மேலே சொன்ன அதே ஒன்றரை மில்லிமீட்டருக்குத்தான் அந்த இடம். தண்டவாளத்தை இணைக்கும் இரும்புப் பட்டையிலும் போல்ட்டுக்குச் சற்றுப் பெரிய துளையே வைப்பார்கள். காரணம் இதே வெயில்தான். எல்லாத் துளைகளையும் இறுக்கமான வட்டமாகப் போட்டால் கோடையில் நீள இடமில்லாமல் ஸ்பாய்லர் நடுவில் வில்லாக மேலே வளையும், அல்லது ஓரத்தில் விரிசல் விடும். டேப்பின் நெகிழ்வும் துளையின் நீட்சியும் ஒரே கணக்குக்கு எழுதிய இரண்டு விடைகள்.

முடுக்குவதிலும் அளவு உண்டு. போல்ட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே ரப்பர் வாசர், துளையைச் சுற்றி சீலன்ட். விரலால் இறுகும் வரை திருகி, அதற்குமேல் ஸ்பேனரில் கால் சுற்று. ஆர்வக் கோளாறில் இன்னொரு அரைச் சுற்று போட்டால் மேலே தகடு கிண்ணம்போல் குழிந்துவிடும். சாய்ந்த வெயிலில் பார்த்தால் அந்தக் குழி நிழலோடு தெரியும். சீலன்ட் விட்டுப்போன வண்டியைப் பொருத்திய அன்றைக்குக் கண்டுபிடிக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழை வரட்டும். துளை வழியாக இறங்கும் தண்ணீர் டிக்கி விரிப்புக்கு அடியில் ஊர்ந்து, ஸ்டெப்னி பள்ளத்தில் போய்த் தேங்கும். என்றைக்கோ பஞ்சராகி ஸ்டெப்னியைத் தூக்கும்போதுதான் குளம் தெரியவரும்.

கழற்றுவதில் டேப்புக்கே மரியாதை. சூட்டுக் காற்றைக் காட்டி, மீன்பிடிக்கும் நைலான் நரம்பை அடியில் விட்டு, இரண்டு கையாலும் அறுப்பதுபோல் இழுத்தால் ஃபோம் இரண்டாகப் பிளந்து ஸ்பாய்லர் கையோடு வரும். மிச்சத்தைக் கட்டைவிரலால் உருட்டி எடுப்பார்கள். ஸ்க்ரூவைக் கழற்றினால் ஓட்டை ஓட்டைதான். டிங்கர், பட்டி, பெயின்ட் என்று முழு மூடிக்கும் செலவு. பழைய வண்டி வாங்குகிற புரோக்கர்கள் மூடியைத் திறந்ததும் முதலில் உள்பக்கத்தைத் தடவுவது இதற்குத்தான்.

இவ்வளவுக்கும் பிறகு திருப்பதி டாக்சிக்காரர்கள் பலர் ஸ்க்ரூதான் கேட்பார்கள், அதில் நியாயம் இருக்கிறது. அவர்களுடைய ஸ்பாய்லருக்குப் பெரிய பகை காற்றும் அல்ல, வெயிலும் அல்ல. நாளெல்லாம் ரயில்வே ஸ்டேஷன் வாசலிலும் அலிபிரி சோதனைச் சாவடியிலும் டிக்கியைத் திறந்து மூடியாக வேண்டும். பெட்டியை உள்ளே வைக்க அவசரப்படும் பயணி, கைக்கு வாகாக நீட்டிக்கொண்டிருக்கும் அதன் நுனியைத்தான் பிடித்து மூடியைத் தூக்குவார். அத்தனை கிலோ இழுப்பும் ஒற்றை ஓரத்தில், உரிக்கிற கோணத்தில். எந்த டேப்பும் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. சொந்த வண்டிக்கு டேப் ஒட்டிக் கொடுத்தால் சாவியோடு ஒரு புத்திமதியும் கூட வரும்: "மூணு நாள் கழிச்சும் இதப் புடிச்சு டிக்கியத் தூக்காதீங்க சார், வீட்ல பசங்க கிட்டயும் சொல்லி வையுங்க." டாக்சிக்காரரிடம் அதைச் சொல்லிப் பயனில்லை என்று பாய்க்குத் தெரியும், பேசாமல் டிரில்லை எடுப்பார்.