பெயர் அச்சேறும் பக்கம்

தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை 2022இல் தொடங்கிய ‘தேன்சிட்டு’ இதழ், 6 முதல் 9ஆம் வகுப்பு வரை படிக்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கானது. அந்த வயதுக்கு இதழ் வடிவமைப்பது நுட்பமான கலை. குழந்தைத்தனமாக வண்ணம் தீட்டினால் ஒதுக்கிவிடுவார்கள். பாடப்புத்தகம்போல நெருக்கி அடித்தால் மூடிவிடுவார்கள்.

நல்ல வடிவமைப்பாளர் படத்துக்குத் தாராளமாக இடம் விடுகிறார், பத்திகளைச் சுருக்குகிறார். மேல்விலங்கும் கீழ்விலங்கும் நீளும் தமிழ் எழுத்துக்கு வரிகளுக்கிடையே கூடுதல் வெளி தருகிறார். நடுவில் பின் அடிக்கும் இதழ் என்றால், பக்கங்களை நான்கின் மடங்கில் திட்டமிடுகிறார்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிகள் இப்படியோர் இதழைச் சொந்தமாகப் போட எல்லாமே அருகில் இருக்கிறது. அச்சுக்குச் சிவகாசி. அட்டைக்கு, 1988இல் சரணாலயம் பெற்ற சாம்பல் நிற அணில். அடுத்த இதழுக்கு வெள்ளை வெளேரென்ற ராஜபாளையம் நாய். இரண்டையும் மாணவர்களே வரையட்டும். படத்துக்குக் கீழே பெயரும் வகுப்பும் தெளிவாக அச்சாகட்டும். தன் தோழியின் பெயரைப் பார்த்த மாணவி அடுத்த இதழுக்குத் தானே எழுதுவாள். வாசகரை எழுத்தாளராக்கும் இதழ்தான் அழகான இதழ்.