ஜிம்ப் 3.0: மாறுவது அவசியமா?

பழைய புகைப்படங்களைப் புதுப்பிக்கும் காரியத்தில் சிறிது காலமேனும் ஈடுபட்டவர்களுக்கு ஒரு மனக்கிலேசம் பரிச்சயமாக இருக்கும். மங்கிப்போன முகம் தெளிய வேண்டுமென்று இரவில் நாம் ஏற்றிவைத்த வெளிச்சம், மறுநாள் காலையில் பார்க்கும்போது மிதமிஞ்சியதாகத் தோன்றும். கோப்பைச் சேமித்து மூடிவிட்டிருந்தால் அதைக் குறைக்க வழியிராது.

1995-இல் பெர்க்லி கலாசாலை மாணவர்களான ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும் தொடங்கி, இன்று தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்துவரும் ஜிம்ப் என்னும் இலவசப் படத்திருத்த மென்பொருளில், 2018-இல் வந்த 2.10 பதிப்பு வரையில் இந்தக் குறை நீங்கவில்லை. 2025 மார்ச்சில் வெளிவந்த 3.0 பதிப்பில் நீங்கியிருக்கிறது. என்னுடைய அபிப்பிராயத்தில், மற்ற மாற்றங்கள் யாவும் இதற்கு அடுத்தபடியானவையே.

என் தாத்தா பாட்டியின் கல்யாணப் படத்தை ஸ்கேன் செய்து இதில் பரீட்சை பார்த்தேன். பழுப்பேறிய அந்தப் படத்தில் கர்வ்ஸ் என்னும் கருவி கொண்டு ஒளியையும் நிழலையும் பிரித்தபோது, பாட்டியின் புடவைக் கரை துலங்கியது. ஆனால் தாத்தாவின் வேஷ்டி வெறும் வெள்ளைத் திட்டாகிவிட்டது. முன்பானால் வேலையை முதலிலிருந்து தொடங்கியிருப்பேன். இப்போதோ, லேயரின் பக்கத்தில் தோன்றும் எஃப்எக்ஸ் என்ற சிறு குறியை அழுத்தினால், செய்த திருத்தங்கள் வரிசையாகத் தெரிகின்றன. வேண்டியதைத் திறந்து, வேண்டிய அளவு தளர்த்திக்கொள்ளலாம். ஜிம்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமித்து மூன்று நாள் கழித்துத் திறந்தபோதும் அவை அப்படியே இருந்தன. வேஷ்டியின் மடிப்புகள் திரும்பக் கிடைத்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் சாமானியமானதன்று.

கிழிசலையும் மடிப்புக் கோட்டையும் ஹீல் கருவியால் மறைப்பதோ இன்னும் படத்தின் மேலேயே நேராகப் பதிகிறது. ஆகையால் அதை லேயரின் பிரதி ஒன்றில் செய்வதே உசிதம்.

நஷ்டமும் உண்டு. பைதான் 2-இல் எழுதப்பட்ட பழைய பிளக்-இன்கள் இதில் இயங்குவதில்லை. நான் பல வருஷங்களாக நம்பியிருந்த ஒன்றும் அவ்வாறு கைவிட்டுப் போயிற்று. சிஎம்ஒய்கே என்னும் அச்சு வண்ண முறையிலேயே திருத்த விரும்பும் அச்சகத்தாருக்கு இப்பதிப்பும் போதாது. கேமராவின் ரா கோப்புகளைத் திறக்க டார்க்டேபிள் அல்லது ராதெரபி போன்ற வேறொரு மென்பொருள் துணைக்கு வேண்டும். மாதச் சந்தா கட்டி போட்டோஷாப் வைத்திருப்போர், இவற்றில் எது தமக்கு அன்றாடத் தேவை என்பதை ஆலோசித்த பிறகே அதை விடலாம்.

பிளக்-இன்களை நம்பித் தொழில் நடத்துகிறவர்கள், அவற்றின் புதிய பதிப்பு வரும்வரை 2.10-ஐ விட வேண்டாம். வீட்டுப் படங்களைப் பாதுகாக்க முனைந்திருக்கும் மற்றவர்கள் தாராளமாக மாறலாம். மூல ஸ்கேனின் பிரதி ஒன்றை மட்டும், திருத்தம் எதுவும் படாமல், தனியே வைத்துக்கொள்ளுங்கள்.