கந்தோர்ச் சண்டையும் காதலும்

சண்டையில் தொடங்கிக் காதலில் முடியும் கந்தோர்க் கதைகள் நம் பெண்பிள்ளைகளிடையே கைமாறிக்கொண்டே இருக்கின்றன. ரமணிசந்திரன் வழிவந்த குறுநாவல்கள் பலவற்றில் மோதும் இருவரும் சரிநிகர் போட்டியாளர்கள் அல்லர். அவன் முதலாளி, அவள் சம்பளக்காரி. அவன் சீறினால் மிடுக்கு, அவள் பதில் சொன்னால் வாய்க்கொழுப்பு. காதல் கனிந்ததும் அவளுடைய திறமை என்னாச்சு என்று கதை கேட்பதில்லை.

லூபிட்ஷ் 1940இல் எடுத்த 'தி ஷொப் அரௌண்ட் த கோர்னர்' படத்தில், புடாபெஸ்ட் கடையொன்றில் முட்டிக்கொள்ளும் இருவரும் சம்பளத்துக்கு நிற்பவர்கள். அதனால் அவள் சொல்லும் அவன் சொல்லுக்கு ஈடாக நிற்கிறது.

மாத்தளையில் என் உயர்தர வகுப்புப் பிள்ளைகளிடம் இவற்றை வாசிக்காதீங்க என்று நான் சொல்வதில்லை. ஒன்றை மட்டும் கேட்டு வாசிக்கச் சொல்கிறேன்: கல்யாணத்துக்குப் பிறகு அவளுடைய கதிரையில் யார் இருக்கிறது?