வரைபடத்தில் எழுந்தருளிய தாய்

பாரதமாதா எந்நாளில் பிறந்தாள் என்று எப்பேர்ப்பட்ட கலைவாணராலும் கணித்துச் சொல்ல இயலாது என்பது 'எங்கள் தாய்' பாடலில் பாரதியின் துணிபு. மண்ணின் தொன்மையை நினைத்துப் பாடிய கவிஞருக்கு அது தகும். ஆனால் நாம் சுவரில் மாட்டிக் கும்பிடுகிற அந்த உருவத்துக்கு வயது உண்டு. 1873க்கும் 1936க்கும் இடைப்பட்ட அறுபது சொச்சம் ஆண்டுகளில் அவள் நாடக மேடையில் தோன்றி, நாவலில் சிலையாகி, ஓவியத்தில் முகம் பெற்று, பத்திரிகை அட்டையில் வரைபடத்தோடு சேர்ந்து, கடைசியில் கோயிலும் கொண்டுவிட்டாள். ஒரு தெய்வத்தின் பிறப்பை இவ்வளவு கிட்டத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு வரலாற்று மாணவர்களுக்கு அரிதாகவே கிடைக்கும். கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளாக இதைப் பற்றி வந்துள்ள ஆய்வுகள் ஏராளம். அவற்றை ஒருசேர வைத்துப் படித்தால் எனக்குத் தெளிவாகத் தெரிவது இது: அவளுடைய கைகளும் அணிகலன்களும் பழைய அம்மன்களிடமிருந்து வந்தவை. உடலின் எல்லைக்கோடும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் அந்நிய ஆட்சியின் நில அளவையிலிருந்தும் குடிக்கணக்கிலிருந்தும் வந்தவை. அவளுடைய துயரம்தான் முற்றிலும் புதியது.

பழையதிலிருந்து தொடங்குவோம். பூமியைத் தாயென்றும் தன்னை அவள் மகனென்றும் சொல்லும் வழக்கு அதர்வ வேதத்துப் பிருத்வி சூக்தத்திலேயே இருக்கிறது. திருமாலின் பக்கத்தில் நிற்கும் நிலமகளைத் தமிழ்ப் பக்தி இலக்கியம் நன்கறியும். ஆனால் நிலத்துக்குத் தெய்வ உருக்கொடுப்பது எப்படி என்று பார்க்க நம் இரட்டைக் காப்பியங்களைவிட நல்ல இடம் இல்லை. சிலப்பதிகாரத்தில் எரியுண்ட மதுரையின் தெய்வம் கண்ணகியின் முன்னால் வர அஞ்சிப் பின்னால் வந்து நிற்கிறது. இடப்பாகம் நீலம், வலப்பாகம் பொன். இடக்கையில் தாமரை, வலக்கையில் வாள். வலக்காலில் வீரக்கழல், இடக்காலில் ஒற்றைச் சிலம்பு. ஒரு நகரத்தின் வீரமும் அழகும் ஒரே உடலில் பாதிப்பாதியாக நிற்கின்றன. மணிமேகலையின் பதிகம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. நாவல் மரத்தடியில் நின்று, நிலமடந்தையின் துயர் கேட்டு, அரக்கருக்குப் பகையாகத் தவம் செய்த சம்பாபதியை அது நாவலந்தீவு முழுவதற்கும் உரிய தெய்வமாகக் காட்டுகிறது. அவள் உறைவதோ காவிரிப்பூம்பட்டினத்தில்.

சம்பாபதியின் வழிவந்தவள் பாரதமாதா என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. வங்கத்தில் பாரதமாதாவை வார்த்தவர்களுக்கு மணிமேகலை தெரியாது. தவிர, அடிப்படையான வேறுபாடும் ஒன்றுண்டு. சம்பாபதியும் மதுராபதியும் காவல் தெய்வங்கள். மக்களைக் காப்பது அவர்கள் பொறுப்பு. பாரதமாதாவை மக்கள்தான் காப்பாற்ற வேண்டும்.

வங்கத்துக்கு நெருக்கமான மூலம் சாக்த பீடக் கதை. தட்சனின் வேள்வியில் உயிர்விட்ட சதியின் உடலைச் சிவன் தோளில் சுமந்து திரிகிறான். அந்த உடல் துண்டு துண்டாக விழுந்த இடமெல்லாம் பீடமாகிறது. அசாமில் காமாக்யா, பலூசிஸ்தானத்தில் ஹிங்க்லாஜ் என்று அது துணைக்கண்டத்தின் விளிம்புகள் வரை பரவுகிறது. பீடங்களின் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறியதையும் பட்டியல்கள் வளர்ந்த விதத்தையும் தினேஷ் சந்திர சர்க்கார் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நிலமே அம்மனின் உடல் என்ற எண்ணத்தை யாத்திரிகர்கள் காலால் நடந்து நடந்து உறுதிப்படுத்தினார்கள். தேசப்படம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தப் புனித நிலவியல் இந்தியாவை ஒன்றாகக் கட்டியிருந்தது என்று டயானா எக் வாதிடுகிறார். பாதி ஒப்புக்கொள்கிறேன். யாத்திரிகனின் நிலத்துக்கு மையங்கள் பல உண்டு; வேலி கிடையாது. சதியின் உடல் சிதறிக் கிடப்பது. பாரதமாதாவின் உடலோ ஒரே கோட்டுக்குள் அடங்கி நிற்பது. அந்தக் கோடு எங்கிருந்து வந்தது?

அது கிழக்கிந்தியக் கம்பெனியார் போட்ட கோடு. ஜேம்ஸ் ரென்னல் 1782இல் வெளியிட்ட இந்துஸ்தான் வரைபடத்தின் ஓரத்தில் ஓர் அலங்காரச் சித்திரம் இருக்கிறது. அதில் பண்டிதர்கள் தங்கள் புனித நூல்களைப் பணிவோடு ஒரு பெண்ணிடம் ஒப்படைக்கிறார்கள். அந்தப் பெண் பிரிட்டானியா. ரோமானிய நாணயங்களில் அடிமைத் தீவின் உருவமாகத் தொடங்கி, 1672இல் இரண்டாம் சார்லஸின் செப்புக்காசில் மறுபிறவி எடுத்தவள். நான்கு ஆண்டுகள் முன்னதாக, 1778இல், லண்டன் கிழக்கிந்திய மாளிகையின் கூரைக்கு ஸ்பிரிடியோனே ரோமா வரைந்த ஓவியத்திலும் அவளே உயரத்தில் வீற்றிருக்கிறாள். இந்தியா கறுத்த மேனிப் பெண்ணாகக் கீழே நின்று முத்தும் மணியும் நீட்டுகிறாள். ஆக, இந்தியாவின் முதல் பெரிய நவீன வரைபடத்தில் இடம்பிடித்த பெண் இந்தியா அல்லள். பின்னால் நம் ஓவியர்கள் செய்ததை இந்தப் படங்களுக்கு எதிரே வைத்துப் பார்த்தால்தான் அதன் துணிச்சல் புரியும். ஆண்டவள் நின்ற இடத்தில் ஆளப்பட்டவளை ஏற்றி நிறுத்தினார்கள்.

கோட்டைத் துல்லியமாக்கிய வேலைக்குச் சென்னையில் ஒரு தொடக்கம் இருக்கிறது. வில்லியம் லாம்டன் 1802இல் பரங்கிமலையருகே ஏழரை மைல் நீள அடிக்கோட்டைச் சங்கிலி வைத்து அளந்ததிலிருந்து கிளைத்தது பெரு முக்கோண நில அளவை. அது இமயம் வரை முக்கோணம் முக்கோணமாக நகர்ந்து தீட்டிய வடிவத்தில்தான், நூறாண்டு கழித்து, ஒரு தாய் சேலை விரித்து நின்றாள்.

குடிக்கணக்கின் கதையும் இப்படித்தான். வங்க நாவலாசிரியர் பங்கிம் சந்திரர் 1870களில் எழுதிய வந்தே மாதரம் 1882இல் நூலாக வந்த ஆனந்தமடம் நாவலுக்குள் சேர்ந்தது. அந்தப் பாட்டில் தாய்க்குக் குரல் கொடுக்கும் பிள்ளைகள் ஏழு கோடி. 1872 கணக்கெடுப்பில் வங்க மாகாணத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 6.7 கோடி, பீகாரும் ஒரிசாவும் அப்போது அதில் அடக்கம். பங்கிமின் தாய் வங்கத்தாய் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. சுதேசி இயக்கம் அவளை இந்தியா முழுவதற்கும் உரியவளாக்கியபோது ஏழு கோடி முப்பது கோடியானது. 1901 கணக்கெடுப்பு காட்டிய தொகை 29.4 கோடி. பாரதி தன் தாய்க்குக் கொடுத்த முகங்களும் முப்பது கோடியே. வரி வாங்கவும் ஆள் எண்ணவும் எடுத்த கணக்கு, தெய்வத்தின் முகங்களாயிற்று.

ஆனந்தமடத்தில் மகேந்திரனுக்குத் துறவி காட்டும் மூன்று சிலைகள்தாம் இந்த உருவத்தின் கருவறை. தாய் இருந்த நிலைக்கு ஜகத்தாத்ரி. இருக்கும் நிலைக்குக் காளி. எல்லாம் பறிகொடுத்ததால்தான் அவள் ஆடையின்றி நிற்கிறாள் என்று அங்கே விளக்கம். இருக்கப்போகும் நிலைக்குப் பத்துக் கைகளோடு துர்க்கை. கதை நடப்பது 1770இன் பெரும் பஞ்சக் காலத்தில். சுடுகாட்டுக் காளியின் பழைய கோலத்துக்குப் பஞ்சமும் கொள்ளையும் காரணமாகச் சொல்லப்பட்ட அந்தக் கணத்தில் தெய்வத்துக்குள் வரலாறு நுழைகிறது. இருந்தாள், இருக்கிறாள், இருப்பாள் என்று காலம் மூன்றும் பிரிந்துவிட்டால் தாய்க்கு ஒரு நேற்றும் நாளையும் வந்துவிடுகின்றன. அவளுடைய நாளை பிள்ளைகளின் கையில் இருக்கிறது. 1873இல் கிரண் சந்திர வந்தியோபாத்தியாயரின் 'பாரத மாதா' நாடகம் மேடையில் அழவைத்த தாய்க்குப் பங்கிம் ஒரு தத்துவம் கொடுத்தார் என்று சொல்லலாம்.

முகம் கொடுத்தவர் அவனீந்திரநாத் தாகூர். கர்சனின் வங்கப் பிரிவினை நடந்த 1905இல் அவர் தீட்டிய நீர்வண்ண ஓவியத்தில் காவி உடுத்த இளம்பெண் ஒருத்தி தனியே நிற்கிறாள். நான்கு கைகள்: ஒன்றில் நெற்கதிர், ஒன்றில் வெள்ளைத் துணி, ஒன்றில் ஏட்டுச்சுவடி, ஒன்றில் ஜபமாலை. உணவு, உடை, கல்வி, ஆன்மிகம் என்று சுதேசிகள் கேட்ட நான்கும் அந்தக் கைகளில் இருக்கின்றன. தலைக்குப் பின்னால் மெல்லிய ஒளிவட்டம், காலடியில் வெண்தாமரைகள். ஜப்பானிய ஓவியர்களிடம் கண்ட பாணியில் வண்ணத்தை நீரில் கரையவிட்டிருப்பதால் உடலின் ஓரம் மூடுபனியில் கலப்பதுபோல் இருக்கிறது. சிங்கம் இல்லை, சூலம் இல்லை, கொடி இல்லை, வரைபடமும் இல்லை. நான்கு கைகளை மறந்துவிட்டால் வங்காள வீட்டுப் பெண்தான். பின்னால் வந்த நூற்றுக்கணக்கான படங்களில் எதற்கும் இந்த அடக்கம் வாய்க்கவில்லை என்பது என் எண்ணம். ஓவியர் இவளை முதலில் வங்கமாதாவாகவே நினைத்தார். பாரதமாதாவாகக் கண்டு கொண்டாடியவர் சகோதரி நிவேதிதை. இந்தப் படத்தைப் பல்லாயிரம் பிரதி எடுத்து, கேதார்நாத்திலிருந்து குமரி வரை குடியானவர் வீடுதோறும் சேர்க்க வேண்டும் என்று அவர் விரும்பினார்.

அதே நிவேதிதையைத்தான் பாரதி கல்கத்தாப் பக்கம் சந்தித்தார். கண்ணன் அர்ச்சுனனுக்கு விசுவரூபம் காட்டியதுபோலத் தனக்குப் பாரத தேவியின் முழு உருவத்தையும் காட்டியவர் என்று 1908இல் வெளியிட்ட ஸ்வதேச கீதங்களை அவருக்குக் காணிக்கையாக்கினார். ஓவியம் ஒருவரிடமும் பாட்டு இன்னொருவரிடமும் பிறந்தாலும், இரண்டுக்கும் நடுவில் நின்றவர் ஓர் ஐரிஷ் பெண். தாய்நாட்டைத் துயருற்ற பெண்ணாகப் பாடும் மரபு அவர் பிறந்த அயர்லாந்திலும் ஆழமாக வேரூன்றியது என்பதை ஆய்வுகள் போதிய அளவு கவனிக்கவில்லை.

தமிழுக்குள் அவள் நுழைந்த வழி தனியானது. வங்கத்தில் நாவலும் ஓவியமும் செய்ததை இங்கே சிற்றிலக்கியம் செய்தது. இறைவனைத் துயிலெழுப்பும் திருப்பள்ளியெழுச்சி, கிளியிடம் கேட்டுத் தலைவனின் பேர், நாடு, ஊர், ஆறு, மலை என்று பத்து உறுப்புச் சொல்லும் தசாங்கம், நவரத்தின மாலை ஆகியவற்றைப் பாரதி அப்படியே எடுத்துத் தாய்க்குச் சூட்டினார். மாணிக்கவாசகரின் கிளி சிவனைப் பற்றிச் சொன்னதைப் பாரதியின் கிளி பாரத தேவியைப் பற்றிச் சொல்கிறது. நகர் காசி, ஆறு கங்கை. கேட்கும் காதுக்கு மெட்டும் அமைப்பும் மார்கழி விடியலில் பழகியவை. புதிதென்று யாருக்கும் கூச்சம் ஏற்படவில்லை. இதற்கும் முன்பே, 1891இல், மனோன்மணீயத்தின் தொடக்கப் பாடலில் சுந்தரம் பிள்ளை நிலமடந்தைக்குப் பாரதத்தை முகமாகவும் தக்காணத்தை நெற்றியாகவும் திராவிட நாட்டைத் திலகமாகவும் வைத்துவிட்டார். அங்கே வணக்கம் முகத்துக்கு அல்ல, தமிழணங்குக்கு. தேசப்படத்தைப் பெண்ணுடலாகப் பார்க்கும் பழக்கம் தமிழில் அவனீந்திரநாத்தின் தூரிகைக்கு முந்தியது. அதிலிருந்து கிளைத்தது பாரதமாதாவுக்கு இணையாகவும் சில நேரம் எதிராகவும் நிற்கும் தமிழ்த்தாய் வழிபாடு.

புதுச்சேரியிலிருந்து வந்த 'விஜயா' இதழின் 1909ஆம் ஆண்டு அட்டையில் தாய் தன் பல்வேறு பிள்ளைகளோடும் வந்தே மாதரம் முழக்கத்தோடும் காட்சி தருகிறாள். அதன் பின் அச்சகங்கள் அவளை எடுத்துக்கொண்டன. லித்தோ அச்சில் கடவுள் படம் போட்டவர்களே தேசத்தாயையும் போட்டார்கள். துர்க்கையின் சிங்கம் வந்தது, கையில் கொடி வந்தது. பகத்சிங் 1931இல் தூக்கிலேறியபின் வெளிவந்த படங்களில் அவர் தம் தலையையே தட்டில் ஏந்தி அவளுக்குக் காணிக்கை தருகிறார். இவற்றில் பலவற்றை அரசு தடைசெய்தது. நில அளவைச் சங்கிலியையும் தியோடலைட் கருவியையும் தொடாத இந்த ஓவியர்கள் அரசாங்கத்தின் அறிவியல் வரைபடத்தைத் தங்கள் கைவசமாக்கிய விதம் சுமதி ராமசாமியின் 2010ஆம் ஆண்டு நூலின் மையம். இந்தத் துறையில் அதைத் தாண்டிப் போன நூல் இன்னும் வரவில்லை. வரைபடம் மட்டும் இருந்தால் உயிர் கொடுக்க ஆள் வராது, தாய் இருந்தால் வருவார்கள் என்ற அவருடைய வாதத்துக்குப் பகத்சிங் படங்களே சாட்சி. படங்கள் அரசியலுக்கு விளக்கமாக வரவில்லை, அரசியலையே அவைதாம் நடத்தின என்கிற கிறிஸ்டபர் பின்னியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

எதிர்ப்பும் இந்த வரலாற்றின் பகுதி. அம்மன் உருவில் வரும் தாயை முஸ்லிம்கள் எப்படி வணங்குவார்கள் என்ற கேள்வி நியாயமானது. 1937இல் காங்கிரஸ் காரியக் கமிட்டி வந்தே மாதரத்தின் முதல் இரண்டு பத்திகளோடு நிறுத்திக்கொண்டதற்குக் காரணம் அதுதான். துர்க்கை வருவது பின்பகுதியில். தேசத்தைத் தெய்வமாக்குவதன் ஆபத்தை ரவீந்திரநாதர் 1916இலேயே 'வீடும் வெளியும்' நாவலில் எழுதிவிட்டார். முகம் கொடுத்த ஓவியரின் சிற்றப்பா அவர். கூட்டங்களில் ஜயகோஷம் எழுப்பும் விவசாயிகளிடம் 'யார் அந்தப் பாரதமாதா?' என்று கேட்டு, நீங்கள்தான் அவள் என்று பதிலும் சொன்னதை நேரு தம் நூலில் விவரிக்கிறார்.

கோயில்களில் இந்தச் சிக்கலுக்கு ஆளுக்கொரு விடை கிடைத்தது. தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் பாரதமாதாவுக்குக் கோயில் எழுப்ப சுப்பிரமணிய சிவா தம் கடைசிக் காலத்தைச் செலவிட்டார். தொழுநோய் பிடித்த உடலோடு ஊர் ஊராய்ப் போய்ப் பணம் திரட்டினார். சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். 1925இல் சிவா இறந்தபோது கோயில் எழும்பியிருக்கவில்லை. காசியில் சிவப் பிரசாத் குப்தா கட்டிய கோயிலை 1936 அக்டோபரில் காந்தி திறந்துவைத்தார். அங்கே கருவறையில் சிலை கிடையாது; தரையில் பளிங்கில் செதுக்கிய மேடுபள்ள வரைபடம் மட்டும். மலையும் நதியும் சமவெளியும் யாருக்கும் பொதுவானவை என்பதால் எந்த மதத்தாரும் உள்ளே வரலாம். ஹரித்துவாரில் 1983இல் திறந்த கோயிலில் வரைபடத்தோடு பெண்ணுருவமும் திரும்பி வந்துவிட்டது.

தமிழ்நாட்டில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. வங்கத்து ஓவியத்துக்கும் பம்பாய் அச்சகங்களுக்கும் கிடைத்த கவனம் கோவில்பட்டி ஓவியர் கொண்டைய ராஜுவின் பட்டறைக்கும் சிவகாசி ஆப்செட் காலண்டர்களுக்கும் கிடைக்கவில்லை. அடுத்த சனவரியில் கிழித்தெறியப்படும் காகிதம் என்பதால் நூலகங்கள் அவற்றைச் சேர்த்துவைப்பதில்லை. பாரதமாதாவும் தமிழ்த்தாயும் ஒரே ஓவியரின் கையில், ஒரே ஆண்டில், எந்தெந்தக் கடைக்காரருக்காக வரையப்பட்டார்கள் என்பது அந்தக் காலண்டர்களின் அடியில் அச்சாகியிருக்கும் பலசரக்குக் கடைப் பெயர்களிலிருந்தே தெரியவரும். அந்தத் தாள்களைத் தேடி எடுத்து, தேதி போட்டு, அடுக்கி வைப்பதிலிருந்து அடுத்த ஆய்வு தொடங்க வேண்டும்.