‘சொல்லுறதைக் கேக்கிறானில்லை’: ஒரு பட்டியலின் மீதான வாசிப்பு

பார்க் எக்ஸ்ரென்ஷனிலும் கோட்-டெ-நேஜிலும் சின்னப் பிள்ளைகள் உள்ள எம்மவர் வீடுகள் சிலவற்றில் ஒரு தாளைக் கண்டிருக்கிறேன். குளிர்சாதனப்பெட்டிக் கதவில், ஹைட்ரோ பில்லுக்குப் பக்கத்தில், காந்தத்தால் ஒட்டப்பட்டிருக்கும். இரண்டு வயதிலிருந்து நான்கு வயதுவரையான பிள்ளைகளில் ஏ.டி.எச்.டி.யின் ஆரம்ப அறிகுறிகள் என்று தலைப்பு. ஓரிடத்தில் இராது. எதிலும் ஏறும். ஒரு விளையாட்டுச் சாமானை எடுத்த வேகத்தில் எறிந்துவிட்டு அடுத்ததற்குப் போகும். தன் முறை வரும்வரை பொறுக்காது. ஆபத்துக்குப் பயப்படாது. நித்திரைக்குப் போக மறுக்கும். சொல்வதைக் கேட்காது.

இந்தத் தாளைப் படித்த ஒரு தாய் என்னிடம் சொன்னார்: “அண்ணை, இதிலை உள்ளது எல்லாம் என்ரை பிள்ளைக்கு இருக்கு.” அதே தாளைப் படித்த இன்னொருவர் சிரித்தார்: “வெள்ளைக்காரனுக்குக் குழப்படியும் ஒரு வருத்தம்தான்.” இரண்டு பேரும் பிழையாகவே வாசித்தார்கள் என்பது என் கருத்து. ஆனால் பிழை வாசகரிடம் மாத்திரம் இல்லை. கவிதைத் தொகுதிகளுக்கும் நாவல்களுக்கும் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுகிறோம். எமது பிள்ளைகளின் பள்ளிக்கூட வாழ்வைத் தீர்மானிக்கப்போகிற இந்த ஒற்றைத் தாளையும் ஒரு பிரதியாக எடுத்து வாசித்தால் என்ன?

முதலில் இந்தப் பிரதி எதை விட்டுவிட்டது என்று பார்ப்போம். இதன் மூலம் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கைந்நூல். 2013இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பில் ஒவ்வொரு அறிகுறியும் ‘அடிக்கடி’ என்ற சொல்லோடுதான் வருகிறது. ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும், அந்த வயதுக்குரிய அளவுக்கு மிஞ்சியதாக இருக்க வேண்டும், பிள்ளையின் வாழ்வைப் பாதிக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் எல்லாம் அங்கே உண்டு. நான்கு வயதுக்கு முன் மிகை இயக்கத்தைச் சாதாரண பிள்ளைத் துடிப்பிலிருந்து பிரித்தறிவது கடினம் என்று அந்த நூலே ஒப்புக்கொள்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் வழிகாட்டல் நான்கு வயதில்தான் தொடங்குகிறது. ஆறு வயதுக்கு முன் முதற் சிகிச்சையாக அது சொல்வது குளிசையை அல்ல, பெற்றோருக்கான பயிற்சியை. தாளில் ஒட்டியபோது இவ்வளவும் உதிர்ந்துவிட்டன. மிஞ்சியது வினைச்சொற்கள் மாத்திரம்: ஏறும், எறியும், ஓடும். இரண்டரை வயதில் ஏறாத, எறியாத பிள்ளையைக் கண்டால்தான் நான் டொக்டரிடம் கொண்டு போகச் சொல்வேன்.

ஆகவே இரண்டு, மூன்று வயதில் தேட வேண்டியது வினையை அல்ல, ஒப்பீட்டை. அதே வயதுப் பிள்ளைகள் ஐந்து பேர் மணலில் விளையாடும்போது இவன் ஒருவன் மட்டும் ஒவ்வொரு நாளும் வேலியில் நிற்கிறானா? தனக்கு மிகப் பிடித்த கதைப் புத்தகத்தோடுகூட, தாயின் மடியில்கூட, இரண்டு நிமிஷம் இருக்க முடியவில்லையா? விழுந்து எரிந்த காயம் ஆறுமுன் அதே இடத்தில் திரும்பவும் ஏறுகிறானா? வீட்டிலும் நேர்சரியிலும் அம்மம்மா வீட்டிலும் ஒரே மாதிரியா, அல்லது ஒரு இடத்தில் மாத்திரமா? ஒரு இடத்தில் மாத்திரம் என்றால் முதலில் அந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும். மாதக் குறைவில், எடை குறைந்து பிறந்த பிள்ளையா என்பதும் கேட்கத்தக்கது. அப்படிப் பிறந்தவர்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. இவை எதுவும் நோயை நிர்ணயிக்கா. குறித்து வைத்து, ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டியவை. மூன்று வயதில் பெற்றோரைக் கலங்க வைத்த பிள்ளைகளில் பலர் நாலரை வயதில் வேறு பிள்ளைகளாக நிற்கிறார்கள்.

இனி என் சொந்தப் பிழைக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன், மூன்று வயதுப் பையன் ஒருவனின் தாய்க்கு மொழிபெயர்ப்பாளனாக ஒரு நேர்சரிக்குப் போயிருந்தேன். பராமரிப்பாளர் பெண் நல்லவர், களைத்திருந்தார். பிரெஞ்சில் அவர் சொன்னது, ‘அவன் செவிமடுக்கிறானில்லை’ என்ற அளவுக்குத்தான். நான் யோசிக்காமல் தமிழில் சொன்னேன்: “சொல்லுறதைக் கேக்கிறானில்லையாம்.” எமது மொழியில் கேட்டல் என்பது செவியின் வேலை, கீழ்ப்படிதலும் அதுவே. பிரெஞ்சிலும் அந்த வினைச்சொல்லுக்கு அதே இரட்டை வாழ்வு உண்டு. தாயின் முகம் கறுத்துப் போனது. என் மொழிபெயர்ப்பில் அவருக்குக் கிடைத்தது ஒரு தகவல் அல்ல, ஒரு குற்றப்பத்திரிகை. அன்று இரவு பிள்ளைக்கு அடி விழுந்தது என்று பிறகு அவரே சொன்னார். நான்கு மாதம் கழித்துச் செவிப் பரிசோதனை நடந்தது. இரண்டு செவிப்பறைகளுக்குப் பின்னாலும் நீர் கட்டியிருந்தது. சளிக் காலத்தில் வந்து வந்து போகிற நீர், அதனால் சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது. பிள்ளை உண்மையிலேயே கேட்கவில்லை.

பட்டியலின் ஆபத்து இதுதான். அது ஒரு நடத்தையின் பெயரைச் சொல்கிறது, அதன் காரணங்கள் எத்தனை என்று சொல்வதில்லை. காதில் நீர் ஒன்று. பெருத்த அடினோயிட், தொண்டைச் சதை காரணமாக இரவில் மூச்சுத் திணறி, குறட்டை விட்டு, அரைகுறை நித்திரையோடு எழும்பும் பிள்ளை இன்னொன்று. பெரியவர் நித்திரை இல்லாவிட்டால் தூங்கி வழிவார், சின்னப் பிள்ளை அதற்கு நேர்மாறாகத் துள்ளும். இரும்புச்சத்துக் குறைவு மூன்றாவது. சோறு தின்ன மறுக்கிற பிள்ளைக்குப் போத்தல் போத்தலாகப் பசுப்பால் கொடுத்து வளர்க்கிற எமது வீடுகளில் இது அபூர்வமல்ல. வீட்டில் தமிழ், தொலைக்காட்சியில் ஆங்கிலம், நேர்சரியில் பிரெஞ்சு என்று மூன்று மொழிக்குள் நிற்கும் பிள்ளை ஒரு கட்டளைக்குத் திரும்பிப் பார்க்காததற்கு மூளையைக் குற்றம் சொல்ல அவசரப்பட வேண்டியதில்லை. அதற்காக மும்மொழிதான் ஏ.டி.எச்.டி.க்குக் காரணம் என்றும் ஒருவர் கிளம்பிவிடக்கூடாது. வீட்டில் தமிழ் கதைப்பதை நிறுத்துங்கள் என்ற பழைய புத்திமதி இன்னும் சிலர் வாயில் இருக்கிறது. அதற்கு ஆதாரமில்லை.

அடுத்தது பெயர். ஏ.டி.எச்.டி.க்கு நாம் ஆக்கிக்கொண்ட தமிழ் ‘கவனக்குறைவு’ என்று தொடங்குகிறது. கவனக்குறைவு என்றால் தமிழில் என்ன? சாரதியின் கவனக்குறைவால் விபத்து. தாயின் கவனக்குறைவால் பிள்ளை கிணற்றில் விழுந்தது. அது குற்றத்தின் பெயர். பிள்ளையின் மூளை வேலை செய்யும் விதம் ஒன்றுக்கு இந்தச் சொல்லைச் சூட்டி மேசையில் வைத்தால், தாய்மார் அதைத் தங்கள்மீதான தீர்ப்பாகக் கேட்பதில் வியப்பில்லை. இத்தனைக்கும் எமது பேச்சு வழக்கில் தேவையான சொற்கள் எல்லாம் இருந்தன. படிக்கிற பிள்ளை யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தால் ‘பிராக்குப் பார்க்கிறான்’ என்போம். ஓயாத பிள்ளைக்குத் துடியாட்டம். கேள்வி முடியுமுன் பதில் சொல்கிறவன் அவசரக்குடுக்கை. மருத்துவக் கைந்நூல் வகுத்த மூன்று கூறுகளும், கவனம் நில்லாமை, மிகை இயக்கம், உந்துதல் என்பவை, யாழ்ப்பாணத்துக் கிழவியின் வாயில் ஏற்கெனவே இருந்திருக்கின்றன. அவரிடம் இல்லாதிருந்தது, இந்த மூன்றும் சேர்ந்து ஒரு பிள்ளையை வருஷக்கணக்காக வாட்டக்கூடும் என்ற எண்ணம் மாத்திரமே.

பட்டியலுக்கும் நாம் புதியவர்கள் அல்லர். பிள்ளைத்தமிழ் என்பது வேறென்ன? ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி என்று பருவம் பருவமாகப் பிள்ளை செய்ய வேண்டியதைக் கணக்கு வைத்த இலக்கியம் அது. ஆனால் அதன் கடைசி மூன்று பருவங்களில் ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் பிரிகிறார்கள். ஆண்பிள்ளை சிறுமியரின் மணல் வீட்டைக் காலால் சிதைப்பான், பறை முழக்குவான், தேர் உருட்டுவான். பெண்பிள்ளைக்குக் கழங்கு, அம்மானை, ஊசல். அவன் உடைக்க உடைக்கப் புலவர் இரசிக்கிறார். பெண்பிள்ளை சிதைத்தால் பாடுவதற்கு அங்கே பருவமே இல்லை. இந்த இரசனை இன்றும் எமது வீடுகளில் உயிரோடிருக்கிறது. பையன் குழப்படி என்றால் ‘ஆம்பிளைப் பிள்ளையெல்லே’. விளைவாக, உண்மையிலேயே உதவி தேவையான பையனும் பெருமையோடு விடப்படுகிறான். அமைதியாக மூலையில் இருந்து பிராக்குப் பார்க்கும் பெண்பிள்ளையை யாரும் காண்பதே இல்லை. ஆண்பிள்ளைகளில் இது ஏறக்குறைய இரண்டு மடங்காகவோ அதற்கு மேலோ இனங்காணப்படுவதற்கு, பெண்பிள்ளைகளைக் காணாமல் விடுவதும் ஒரு காரணம் என்று ஆய்வாளர் சொல்லி வருகிறார்கள்.

ஐரோப்பா இரசிக்கவில்லை, தண்டித்தது. ஜேர்மனி வழியாக இங்கு வந்த பலருக்கு ஸ்ட்ரூவெல்பீற்றர் என்ற படப்புத்தகம் தெரிந்திருக்கும். பிராங்பேர்ட் நகரத்து டொக்டர் ஹைன்றிச் ஹொஃப்மன் தன் மூன்று வயது மகனுக்காக 1844 நத்தாருக்கு எழுதி, 1845இல் அச்சானது. பின்வந்த பதிப்புகளில் சேர்ந்த பாத்திரங்கள்தான் கதிரையில் ஆடி ஆடி மேசைவிரிப்போடு சாப்பாட்டையும் இழுத்து வீழ்த்தும் பிலிப், வானத்தைப் பார்த்து நடந்து ஆற்றில் விழும் ஹான்ஸ். துடியாட்டமும் பிராக்கும்! ஏ.டி.எச்.டி. வரலாறு எழுதுவோர் இந்தப் பிலிப்பை மேற்கோள் காட்டாமல் விடுவதில்லை. எனக்கு அதில் தெரிவது நோயல்ல, மேசையைச் சுற்றி இருக்கும் பெற்றோரின் முகங்கள். எமது வீட்டுக் கலியாண மண்டப மேசைகளில் அந்த முகங்களைக் கண்டிருக்கிறேன்.

எம்மிடையே எழுதுகிறவர்களின் பக்கமும் ஒரு சொல் சொல்ல வேண்டும். ஏ.டி.எச்.டி. என்பது மருந்துக் கொம்பனிகளின் கண்டுபிடிப்பு, ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தின் இன்னொரு கருவி என்று எழுதுவது எமது சிறுசஞ்சிகைக்காரருக்குச் சுலபமாக வரும். ஆதாரமும் கொஞ்சம் கிடைக்கும். கியூபெக் மாகாணத்தில் இந்தக் குளிசைகளை எடுக்கும் பிள்ளைகளின் விகிதம் கனடாவின் மற்றைய பகுதிகளைவிட இரண்டு மடங்குக்கு மேல். 2019 தொடக்கத்தில் இங்குள்ள குழந்தை மருத்துவர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டோர் கூட்டாகக் கையெழுத்திட்டு இதைப் பகிரங்கமாகக் கண்டித்தார்கள். அமெரிக்காவில் இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகள் பத்தாயிரம் பேருக்கு மேல் இந்த மருந்தில் இருப்பதாக 2014இல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் கணக்குச் சொன்னது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்து 2012இல் வெளியான ஆய்வு, வகுப்பில் ஆகவும் இளையவர்களான டிசம்பர்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் வைக்கப்படும் வாய்ப்பு ஜனவரிப் பிள்ளைகளைவிட ஆண்களில் 30 வீதமும் பெண்களில் 70 வீதமும் கூட என்று கண்டது. கியூபெக்கில் வகுப்பெல்லை செப்டெம்பர் 30. செப்டெம்பரில் பிறந்த பிள்ளையின் பெற்றோர் இதை மனதில் வைத்திருக்கட்டும். ஒக்டோபர்ப் பிள்ளையோடு ஒப்பிட்டால் அவன் கிட்டத்தட்ட ஒரு வயது சின்னவன்.

இவ்வளவும் உண்மை. ஆனால் கூடுதலாகப் பெயர் வைக்கிறார்கள் என்பதிலிருந்து பெயருக்குரிய பொருளே இல்லை என்று முடிக்க முடியாது. மூன்று முதல் ஐந்தரை வயதுவரையான, கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளைகளை அமெரிக்காவில் ஆறு வருஷம் தொடர்ந்து பார்த்து 2013இல் வெளியிட்ட முடிவில், பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு அது மாறவில்லை. ‘வளர வளரச் சரிவரும்’ என்ற எமது வேதவாக்கு இவர்களுக்குப் பொருந்தவில்லை. இன்னொன்று. எந்தக் கூட்டத்திலும் தகப்பன்மார் சொல்லும் வசனம், “நானும் சின்னனிலை உப்பிடித்தான், இப்ப என்ன கெட்டுப் போனனே?” ஆறுதலுக்காகச் சொல்வது. ஆனால் இரட்டையர் ஆய்வுகள் ஏ.டி.எச்.டி.யில் பரம்பரையின் பங்கு எழுபது வீதத்துக்கு மேல் என்கின்றன. அப்பா ஆறுதல் என்று நினைத்துத் தருவது டொக்டருக்குத் தேவையான தடயம். கெட்டுப் போகவில்லை என்பதையும் மனிசியிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

யுத்தம் பற்றியும் கேட்பார்கள். ஷெல்லடியில் வளர்ந்த தாய், விசாரணையில் அடிபட்ட தகப்பன், அவர்களின் வீட்டில் கதவு அடித்தாலே திடுக்கிடும் பிள்ளை. பயந்த பிள்ளையும் ஓரிடத்தில் இராது, நித்திரை கொள்ளாது. தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதியவற்றை வாசித்தவர்களுக்கு, காயம் ஒரு ஆளோடு நிற்பதில்லை, குடும்பத்துக்குள் பரவும் என்பது தெரியும். இங்கே மக்கில் பல்கலைக்கழகத்து மனநல மருத்துவர் செசில் ரூசோ அகதிப் பிள்ளைகளோடு நெடுங்காலம் வேலை செய்திருக்கிறார். ஆகவே அந்தக் கேள்வி கேட்கப்படத்தான் வேண்டும். ஆனால் எமது பிள்ளையின் ஒவ்வொரு துள்ளலுக்கும் முள்ளிவாய்க்காலைக் காரணம் காட்டுவதும் ஒருவகைச் சோம்பல். யுத்தம் காணாத பிள்ளைக்கும் ஏ.டி.எச்.டி. வரும். யுத்தம் கண்ட குடும்பத்துப் பிள்ளைக்கு இரண்டும் இருக்கலாம்.

கடைசியாக, தாளில் எங்குமே இல்லாத ஒன்று: பயம். தங்கள் சி.எல்.எஸ்.சி.க்குப் போனால் தே-பே-ஜி வரும், பிள்ளையைத் தூக்கும் என்ற பயம். பெற்றோர் பயிற்சி என்றதும் ‘எங்களுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாதெண்டு சொல்லுறாங்கள்’ என்ற கோபம். அந்தப் பயிற்சியில் நடப்பது, ஒரு நேரத்தில் ஒரு கட்டளை சொல்வது, நல்லதைக் கண்டவுடன் சொல்லிப் பாராட்டுவது, கத்தாமல் ஒரே விதமாக எல்லை வைப்பது போன்றவைதான். ஏ.டி.எச்.டி. இல்லாத பிள்ளைக்கும் அதனால் கெடுதி இல்லை. மதிப்பீட்டுக்கான காத்திருப்புப் பட்டியல் நீளம், தனியாரிடம் போனால் ஆயிரம் டொலருக்கு மேல். காத்திருக்கும் அந்த மாதங்களில் செவியையும் இரத்தத்தையும் நித்திரையையும் பார்த்துவிடலாம், பயிற்சிக்கும் போய்வரலாம்.

நான் இப்போதும் மொழிபெயர்க்கப் போகிறேன். அந்த வசனம் வரும்போது உடனே தமிழில் சொல்வதில்லை. பராமரிப்பாளரிடம் திருப்பிக் கேட்கிறேன்: கூப்பிட்டால் திரும்புகிறானில்லையா, அல்லது திரும்பிப் பார்த்துவிட்டுச் செய்கிறானில்லையா? சில வேளைகளில் அவர்களும் யோசித்துவிட்டு, தெரியாது, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்கிறார்கள்.