அடிக்காமல் நிற்கும் அரை நொடி

லின் டான் வலைக்கருகே வந்து மட்டையை உயர்த்திவிட்டார். ஷட்டில் இன்னும் மேலேதான் இருக்கிறது. அடிக்கலாம், அடிக்கவில்லை. மட்டை அப்படியே நிற்கிறது. எதிரே நிற்பவருக்கு அது பொறுக்க முடியாத நேரம். வலையோரம் தடவிவிட்டாற்போல் விழப்போகிறதா, தலைக்கு மேலே பின்கோட்டுக்குப் போகப்போகிறதா? ஏதோ ஒன்றை நம்பி அவர் ஒரு கால் எடுத்து வைத்தாக வேண்டும். அந்தக் கால் தரையில் பதிந்த பிறகுதான் லின் டானின் மணிக்கட்டு அசைகிறது. ஷட்டில் மற்றப் பக்கம் போய் விழுகிறது. அதில் வேகமே இல்லை. வேகம் தேவையும் இல்லை, அங்கே ஆள் இல்லையே!

லின் டானைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய ஸ்மாஷைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இரண்டு ஒலிம்பிக் தங்கம், ஐந்து உலகப் பட்டம், ஆறு ஆல் இங்கிலாந்து என்று கணக்குச் சொல்கிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் சீன பேட்மிண்டனின் அழகு முழுவதும் மட்டை ஷட்டிலைத் தொடுவதற்கு முந்தைய அரை நொடியில் இருக்கிறது என்பது என் எண்ணம். வேகம், கடுமை, துல்லியம், உயிர்ப்பு என்று நான்கு பண்புகளை அங்கே தலைமுறை தலைமுறையாகப் பயிற்சிக்கூடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். முதல் மூன்றும் எந்தக் கண்ணுக்கும் தெரியும். நான்காவது மட்டும் நின்று பார்த்தால்தான் தெரியும்.

வேகத்தை முதலில் பேசி முடித்துவிடலாம். 2005இல் பெய்ஜிங்கில் நடந்த சுதிர்மான் கோப்பையில் ஃபூ ஹைஃபெங் அடித்த ஸ்மாஷ் மணிக்கு 332 கிலோமீட்டர் என்று பதிவானது. அன்று உலகமே வாய்பிளந்த எண் அது. ஆனால் ஃபூவின் இரட்டையர் ஜோடியில் நான் பார்ப்பது முன்னால் நிற்கும் சாய் யுன்னைத்தான். பின்னாலிருந்து ஃபூ அடிக்கிற சத்தம் கேட்கும்போதே சாய் வலைப்பக்கம் நகர்ந்திருப்பார். எதிரணி தடுத்துத் திருப்பும் ஷட்டில் எந்த உயரத்தில் வரும் என்று முன்கூட்டியே தெரிந்ததுபோல அவருடைய மட்டை அந்த உயரத்தில் காத்திருக்கும். ஃபூவின் ஸ்மாஷ் கதவைத் திறக்கும். உள்ளே போகிறவர் சாய். இருவரும் சேர்ந்து நான்கு உலகப் பட்டங்களையும் 2012 லண்டன் தங்கத்தையும் வென்றார்கள். அதற்குப் பின் 2016 ரியோவில் ஃபூ வேறொரு கூட்டாளியுடன், சாங் நானுடன், இன்னொரு தங்கமும் பெற்றார்.

இந்த ஆட்டமுறை சீனத்தில் மட்டும் பிறந்ததல்ல. இந்தோனேசியாவில் பிறந்து வளர்ந்த சீன வம்சாவளி இளைஞர்கள் சிலர் 1950களிலும் 60களிலும் தங்கள் முன்னோரின் நாட்டுக்குத் திரும்பினார்கள். வாங் வென்ஜியாவ் வந்தார். பிறகு டாங் சியன்ஹூ, ஹௌ ஜியாசாங் இருவரும் வந்தார்கள். சீனா அப்போது சர்வதேசக் கூட்டமைப்பில் உறுப்பினர் இல்லை. ஆகவே இவர்களுக்கு உலகப் போட்டியும் இல்லை, ஆண்கள் அணிகளுக்கான தாமஸ் கோப்பையும் இல்லை. நட்புப் போட்டிகளில்தான் உலகம் இவர்களைப் பார்த்தது. ஆல் இங்கிலாந்து ஒற்றையர் பட்டத்தை ஏழு முறை வென்ற டென்மார்க்கின் எர்லண்ட் கோப்ஸை டாங் ஒரு கேமில் 15-0 என்று வீழ்த்தினார். அந்தக் காலத்து விதிப்படி சர்வீஸ் போட்டவருக்கு மட்டுமே புள்ளி. ஆகவே கோப்ஸ் அளவு பெரிய ஆட்டக்காரர் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை என்றால், அவர் கையில் சர்வீஸ் நிலைக்கவே இல்லை என்று பொருள். பட்டமில்லாமலே உச்சியில் இருந்த ஆட்டக்காரர் டாங். பிற்காலத்தில் இந்தோனேசியாவிலும் சீனாவிலும் பயிற்சியாளராக இருந்தார். இரண்டு நாட்டு ஆட்டத்திலும் அவர் கை இருக்கிறது. பட்டியல்களில் அவர் பெயர் விடுபடுவது எனக்கு வருத்தமே.

1981இல் சீனா கூட்டமைப்பில் சேர்ந்தது. அடுத்த ஆண்டே முதல் முயற்சியில் தாமஸ் கோப்பையை எடுத்துச் சென்றது. அதற்குப் பின் வந்தவர்களில் என் மனம் போய் நிற்பது ஜாவோ ஜியன்ஹுவாவிடம். 19 வயதில், 1985இல், மார்ட்டென் ஃப்ராஸ்ட்டை இறுதியில் வென்று ஆல் இங்கிலாந்து பட்டம் பெற்ற இடதுகைக்காரர். 1990இல் மறுபடியும் அதே பட்டம்; 1991இல் கோபன்ஹேகனில் உலகப் பட்டம். நல்ல உயரம். தலைக்கு மேலே கை தூக்கி அவர் ஆடும் ஆட்டத்தில் ஸ்மாஷுக்கும் டிராப்புக்கும் பின்கோட்டுக்கு அனுப்பும் கிளியருக்கும் கை ஒரேமாதிரி வரும். தோள் திரும்புவது ஒன்று, முழங்கை எழுவது ஒன்று. கடைசியில் விரல்கள் இறுகுகின்றனவா தளர்கின்றனவா என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன. பழைய ஒளிப்பதிவுகளில் படம் மங்கல்தான். அந்த மங்கலிலும் எதிராளி தவறான பக்கம் சாய்வது துல்லியமாகத் தெரிகிறது.

யாங் யாங், ஜாவோ, பாவோ சுன்லாய், லின் டான் என்று சீனத்தின் பெரிய ஒற்றையர் ஆட்டக்காரர்களில் இடதுகைக்காரர் பலர். இதன் பயனைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இரு வலதுகைக்காரர்கள் ஆடும்போது, ஒருவர் தன் வலப்பக்கத்திலிருந்து நேராக அடிக்கும் அடி எதிராளியின் பேக்ஹேண்ட் பக்கம் போய் விழும். சிறுவயதிலிருந்து கை அதற்கே பழகியிருக்கும். எதிரே இடதுகைக்காரர் நின்றால் அதே அடி அவருடைய பலமான கைக்கு நேராகப் போய்ச் சேரும். பேக்ஹேண்டைத் தேட வேண்டுமென்றால் குறுக்கே அடிக்க வேண்டும். தூரம் அதிகம், நேரமும் அதிகம். இது போதாதென்று ஷட்டிலும் அவர்களோடு சேர்ந்துகொள்கிறது. அதன் 16 இறகுகளும் ஒரே பக்கமாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால் அது பறக்கும்போது ஒரே திசையில்தான் சுழலும். சீவி அடிக்கும் அடி அந்தச் சுழற்சியோடு சேர்கிறதா எதிர்க்கிறதா என்பது எந்தக் கையால் அடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. வலதுகை அடிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இடதுகையின் சீவல் எப்போதும் கொஞ்சம் அந்நியமாகவே வரும். லின் டான் அந்த அந்நியத்தைக் கடைசித் துளி வரை பயன்படுத்திக்கொண்டார்.

அவருடைய ஆட்டத்தில் இரண்டு பருவங்கள் உண்டு. 2008 பெய்ஜிங் வரை இருந்தவர் புயல். ஒலிம்பிக் இறுதியில் மலேசியாவின் லீ சோங் வெய்யை 21-12, 21-8 என்று சாய்த்த ஆட்டத்தில் ரசிப்பதற்கு மூச்சுவிட நேரமில்லை. பின்கோட்டில் குதித்து அடித்துத் தரையைத் தொடும்போதே உடல் முன்னால் சாய்ந்திருக்கும். அடுத்த அடிக்கு வலையருகே இருப்பார். எனக்குப் பிடித்தவர் அதற்குப் பின் வந்த லின் டான். வயது ஏற ஏற அவர் அடிப்பதைக் குறைத்து, காத்திருப்பதைக் கூட்டினார். 2011 உலகப் போட்டி இறுதியில் லீ வெற்றிப்புள்ளியின் விளிம்பு வரை வந்தார். மூன்றாவது கேமை லின் டான் 23-21 என்று எடுத்துக்கொண்டார். மறு ஆண்டு அதே வெம்ப்ளி அரங்கில் ஒலிம்பிக் இறுதி: 15-21, 21-10, 21-19.

அந்த இரண்டு இறுதிகளிலும் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது நெருக்கடியான புள்ளிகளில் லின் டான் எந்த அடியைத் தவிர்க்கிறார் என்பதை. உலகத்தின் மிகக் கூர்மையான ஸ்மாஷ்களில் ஒன்று கையில் இருக்கும்போது, தோற்கும் பயத்தில் எவரும் அதைத்தான் நாடுவார்கள். அவர் நாடுவதில்லை. லீயின் கால்வேகம் அசாத்தியமானது. ஸ்மாஷை எடுத்துவிடுவார் என்பது லின் டானுக்குத் தெரியும். ஆகவே வலையோரம் ஒரு தொடல், பின்கோட்டுக்கு ஒரு உயரமான அனுப்பல், மறுபடி வலையோரம் என்று நடக்கவைத்து, லீயின் எடை தவறான காலில் விழும்வரை பொறுத்திருக்கிறார். அதன் பிறகு வரும் ஸ்மாஷுக்கு முழு வலுவே வேண்டாம். 2016இல் 32 வயதில் ஆறாவது ஆல் இங்கிலாந்தை வென்றபோதும் அதே பொறுமையைத்தான் பார்த்தோம்.

இங்கே லீ சோங் வெய்க்கு ஒரு வார்த்தை சொல்லாமல் போவது நன்றாயிராது. இருவரும் 40 முறை மோதினார்கள். லின் டான் வென்றது 28. மீதி 12இல் ஒன்று ரியோ அரையிறுதி, 15-21, 21-11, 22-20. அன்று தோற்ற லின் டான் லீயைக் கட்டிக்கொண்டார். இருவரும் சட்டைகளை மாற்றிக்கொண்டார்கள். அந்த மலேசியக்காரரின் கால்கள் இல்லாமல் லின் டானின் கைக்கு இவ்வளவு நுட்பம் வந்திருக்காது. எளிதில் ஏமாறும் எதிராளி முன்னால் ஏமாற்று வித்தை வளராது.

பெண்கள் பக்கம் வந்தால் லி லிங்வெய், ஹான் ஐபிங், அட்லாண்டாவிலும் சிட்னியிலும் தங்கம் வென்ற கெ ஃபெய், கு ஜுன் ஜோடி, லண்டனில் ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் பெற்ற ஜாவோ யுன்லெய் என்று வரிசை நீள்கிறது. நான் ஒருவரிடம் மட்டும் நிற்கிறேன்: சாங் நிங்.

1994, ஜகார்த்தா, பெண்கள் அணிகளுக்கான ஊபர் கோப்பை இறுதி. இரண்டுக்கு இரண்டு என்று சமநிலை. கடைசி ஆட்டத்தில் ஏறத்தாழ 19 வயதான சாங் நிங்குக்கு எதிரே 14 வயது மியா ஆடினா. சொந்த ஊர்க்கூட்டம் ஆர்ப்பரிக்க மியா வென்றார்; கோப்பை இந்தோனேசியாவுக்கு. பத்து ஆண்டு கழித்து ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதியில் வலைக்கு அந்தப் பக்கம் நின்றவர் அதே மியா, இப்போது நெதர்லாந்துக்காக. முதல் கேம் 8-11 என்று போனது. பின் 11-6, 11-7. இந்தத் தங்கத்தில் ஒரு கறையும் உண்டு. அரையிறுதியில் சக சீன வீராங்கனை சோ மியை விட்டுக்கொடுக்கச் சொன்னதாகத் தலைமைப் பயிற்சியாளர் லி யோங்போவே பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். சோ மிக்கு நேர்ந்தது அநியாயம். இறுதி ஆட்டத்தின் தரத்தை அது குறைக்கவில்லை என்றாலும், சாங் நிங்கின் முழு உயரத்தைக் காண நான் போவது பெய்ஜிங்குக்கு.

2008இல் அவருக்கு 33 வயது. இடையில் விதிகளே மாறிவிட்டன. ஏதென்ஸில் சர்வீஸ் போட்டவருக்கு மட்டும் புள்ளி, 11க்கு ஆட்டம். பெய்ஜிங்கில் ஒவ்வொரு ரேலிக்கும் புள்ளி, 21க்கு ஆட்டம். பழைய முறை பொறுமைசாலிக்கு உதவும். புதிய முறையில் ஒரு சறுக்கலுக்கும் உடனே விலை. பொறுமையே முதலாக ஆடிய ஒருவருக்கு அந்த மாற்றம் எவ்வளவு பெரிது என்று யோசித்துப் பாருங்கள். இறுதியில் எதிரே இளையவரான ஷீ ஷிங்ஃபாங், இரண்டு முறை உலகப் பட்டம் வென்றவர். இருவரும் ஒரே பயிற்சிக்கூடம். ஒருவர் ஆட்டம் மற்றவருக்கு மனப்பாடம். முதல் கேம் 21-12, இரண்டாவது 10-21. மூன்றாவதில் சாங் நிங் அடித்த கிளியர்களைப் பாருங்கள். மைதானத்தின் முழு நீளம் 13.40 மீட்டர். கடைசி சில அங்குலங்களில் ஷட்டில் செங்குத்தாக வந்து இறங்குகிறது. விட்டால் உள்ளே விழும். அடித்தால் பின்னால் சாய்ந்து அடிக்க வேண்டும். கால் களைத்துப்போன நேரத்தில் அந்த ஆழத்தை ஒவ்வொரு முறையும் தொடுவது எந்த ஸ்மாஷையும் விட அரிது. 21-18. ஒற்றையர் ஒலிம்பிக் தங்கத்தைத் தக்கவைத்துக்கொண்ட முதல் ஆட்டக்காரர் அவர்தான். லின் டான் அதைச் செய்தது நான்கு ஆண்டு கழித்து.

பின்னால் வந்தவர்களில் சென் லாங் உயரத்தாலும் தடுப்பாலும் வென்றார், மதிக்கிறேன், மயங்கவில்லை. டோக்கியோ ஒலிம்பிக் இறுதியில் சென் யூஃபெய், வித்தைகளின் ராணியான டாய் ட்சு-யிங்கை 21-18, 19-21, 21-18 என்று வென்ற ஆட்டத்தில் சாங் நிங்கின் சாயல் தெரிந்தது. எதிராளி எவ்வளவு அழகாக ஏமாற்றினாலும் இன்னும் ஒரு ஷட்டிலைத் திருப்பி அனுப்பிவிடும் அதே பிடிவாதம்.

லண்டன் 2012 ஆண்கள் இறுதி இணையத்தில் முழுமையாகவே கிடைக்கிறது. மூன்றாவது கேமை மட்டும் ஒரு முறை ஷட்டிலைப் பின்தொடராமல், லீயின் கால்களை மட்டும் பார்த்தபடி பாருங்கள். லின் டான் எப்போது அடித்தார், எவ்வளவு நேரம் அடிக்காமல் இருந்தார் என்பதை அந்தக் கால்களே சொல்லிவிடும். பெய்ஜிங் 2008 பெண்கள் இறுதியைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. அதையும் தேடிப் பாருங்கள். சாங் நிங்குக்கு அவ்வளவாவது நாம் செய்ய வேண்டும்.